பார்வையாளரும் பங்காளரும்: மலைச்சரிவுக் காட்சிப்படுத்தல் பற்றிய ஒரு நோக்கு

தம்முன் நிற்கும் மலைச்சரிவையும், அதன்மீது கணினி வரைந்து காட்டும் நிலத்தடி நீரோட்டத்தையும் ஒரே பார்வையில் இணைத்துக் காட்டும் கருவிக்கலையைக் 'கலப்பு மெய்ம்மை' என்கின்றனர். போல் மில்கிறாம், ஃபுமியோ கிஷினோ ஆகிய இருவரும் 1994இல் எழுதிய கட்டுரையே இவ்வழக்கை நிலைபெறச் செய்தது. அணை, சுரங்கம், வீதி ஆகியவற்றின் அமைப்பிலும் பாதுகாப்புப் பயிற்சியிலும் இன்று இது கையாளப்படுகின்றது. பொறியியலாருக்குரிய இவ்விடயத்தில் இலக்கிய விமரிசனத்துக்கு என்ன வேலை எனச் சிலர் வினவலாம். சித்திரிப்பு எங்கு நிகழினும், அது யாருடைய நிலையினின்று நிகழ்கின்றது என்ற வினாவும் உடனெழும். அவ்வினா நமது துறைக்குரியது.

1936இல் லூக்காச் எடுத்துரைப்பையும் விவரணத்தையும் வேறுபடுத்தி எழுதியபோது, ஸோலாவின் 'நானா', டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' ஆகிய இரண்டிலும் வரும் குதிரைப் பந்தயங்களை ஒப்புநோக்கினார். முன்னதில் நுணுக்கங்கள் யாவும் உள. ஆயின் அது பார்வையாளனின் நோக்கு. பின்னதில் பந்தயம் பங்காளரின் வாழ்வோடு பிணைந்தது. 'ஆழ்ந்தமிழ்தல்' என விளம்பரப்படுத்தப்படும் காட்சிக்கலை பங்கேற்பின் உணர்ச்சியைத் தருகின்றது. நிலையிலோ அது முற்றமுழுக்கப் பார்வையாளனுக்குரியது. கண்ணாடியைக் கழற்றியவுடன் அவனுக்கு ஆபத்து இல்லை.

மாதிரியுருக்களின் வரலாறு இதனை வலியுறுத்தும். இத்தாலியின் வயோந்த் அணைக்குப் பாதுவாப் பல்கலைக்கழகத்தினர் பருமாதிரி அமைத்து, சரளைக்கற்களைச் சரியவிட்டுச் சோதித்தனர். நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 700 மீற்றராயின் ஆபத்தில்லை என முடிவாயிற்று. 1963 ஒக்டோபர் 9ஆம் நாள், நீர் ஏறத்தாழ அம்மட்டத்திலேயே நின்றபோது, 25 கோடி கன மீற்றருக்கு மேற்பட்ட மலை ஒரே திணிவாக நீருள் வீழ்ந்தது. சுமார் 2,000 பேர் மாண்டனர். மலை அசைவதை அயற்கிராமத்தார் அறிந்திருந்தனர், அஞ்சி முறையிட்டுமிருந்தனர். அவ்வறிவுக்கு மாதிரியில் இடமிருக்கவில்லை.

மஸ்கெலியாவுக்கு வருவோம். 1960களின் பிற்பகுதியில் எழுந்த மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் கீழ்ப் பழைய நகரம் மூழ்கியது. வரட்சியில் நீர் வற்றும்போது கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் எஞ்சிய சுவர்களாய் வெளிப்படுகின்றன. அந்நகரை முப்பரிமாணத்தில் மீட்டெழுப்புதல் இன்று கடினமன்று. சுற்றுலாத்துறை விரும்பவும் கூடும். சரிவுகளில் லயன் காம்பராக்களில் வாழ்வோருக்கோ தேவை வேறு.

ஊவாவில், கொஸ்லந்தை மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29 அன்று லயன்கள் மண்ணுள் புதையுண்டன. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அவ்விடத்தின் ஆபத்தை 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆகவே அங்கு குறைந்தது காட்சியன்று, காணி. குடியிருப்பும் தொழிலும் தோட்டத்தோடு பிணைக்கப்பட்ட ஒருவர் வெளியேறுமாறு கூறப்படுகையில், எங்கே என்ற கேள்விக்கு எக்கண்ணாடியும் விடை காட்டாது. உற்பத்தி உறவினால் விளைந்த ஆபத்தைப் புலனுணர்வுக் குறைபாடாக மாற்றிக் கூறுவதே இக்கலையின் கருத்தியற் பணி. (கடிதங்கள்கூட நெடுங்காலம் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே இம்மக்களை அடைந்தன என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.) 2025 நவம்பரில் 'டித்வா' சூறாவளியோடு மலைநாடெங்கும் மண்சரிந்தபோதும் இக்கேள்வி அவ்வாறே நின்றது.

கருவியைப் பழிப்பது நம் நோக்கமன்று. நிலத்தடியை ஊகித்துக் காட்டும் ஆற்றல் பெரும் பேறே. ஊற்றுநீர் திடீரெனக் கலங்குவதையும், காம்பராவின் தரை வெடிப்பதையும், மரங்கள் சாய்வதையும் முதலிற் காண்போர் நாள்தோறும் அச்சரிவில் கொழுந்தெடுக்கும் பெண்களே. அவர்தம் அவதானங்கள் தமிழிற் பதியப்பட்டுப் படத்தின் ஓர் அடுக்காதல் வேண்டும். சிவப்பாகத் தீட்டப்படும் ஒவ்வொரு சரிவுக்கும் எதிரே, அங்குள்ள குடும்பங்களுக்கு உறுதியுடன் வழங்கப்படவிருக்கும் மாற்றுக் காணியும் அதே படத்திற் காட்டப்படல் வேண்டும். இரண்டாவது அடுக்கை வரைவதற்குக் கணினி வல்லுநர் எவரும் தேவையில்லை.