ஹென்றியின் வீடும் நாடும்

இங்கிலாந்தை 1100 முதல் 1135 வரை ஆண்ட முதலாம் ஹென்றியைப் பற்றி எழுதியவர்கள் நெடுங்காலம் இரு சாராராகவே பிரிந்து நின்றார்கள். ஒரு சாரார் கருவூலம், நீதிமன்றம், வரி, அரச ஆணை என்று நிர்வாகத்தையே எழுதினார்கள். மற்றவர்களுக்கு அவன் வீட்டுக் கதையே போதுமாக இருந்தது: சிறையில் கிடந்த அண்ணன், கடலில் மூழ்கிய மகன், மணவுறவுக்கு வெளியே பிறந்த இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அண்மைக் காலத்து நல்ல நூல்கள் இந்தப் பிரிவினையை ஏற்பதில்லை. அவற்றைத் தொடர்ந்து படித்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று: ஹென்றி நாட்டை ஆண்டது தன் குடும்பத்தைக் கருவியாகக் கொண்டுதான். அந்தக் கருவி பழுதான இடத்தில் அவன் நிர்வாகத் திறமை முழுவதும் கைகொடுக்காமல் போயிற்று.

வெற்றிவீரன் வில்லியமின் கடைசி மகன் ஹென்றி. 1087இல் தந்தை இறந்தபோது மூத்தவன் ராபர்ட்டுக்கு நார்மண்டியும் அடுத்தவன் வில்லியம் ரூஃபஸுக்கு இங்கிலாந்தும் கிடைத்தன. ஹென்றிக்குக் கிடைத்தது பணம் மட்டும், நிலம் இல்லை. 1100 ஆகஸ்ட் 2 அன்று ரூஃபஸ் வேட்டைக் காட்டில் அம்பு பட்டு இறந்தான். உடனிருந்த ஹென்றி நேரே வின்செஸ்டருக்குக் குதிரையை விரட்டிக் கருவூலத்தைக் கைப்பற்றினான். மூன்றாம் நாள் வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூடிக்கொண்டான். நவம்பரில் ஸ்காட்லாந்து மன்னனின் மகள் மெட்டில்டாவை மணந்தான். அவள் தாய்வழியில் பழைய ஆங்கிலோ-சாக்சன் அரச மரபைச் சேர்ந்தவள். நான்கே மாதங்களில் கருவூலம், முடி, மரபுரிமை மூன்றையும் சேர்த்துவிட்டான். 1106இல் டின்ஷ்பிரே போரில் அண்ணன் ராபர்ட்டைத் தோற்கடித்துச் சிறைப்பிடித்தான். 1134இல் கார்டிஃபில் சாகும்வரை, ஏறத்தாழ 28 ஆண்டுகள், ராபர்ட் வெளியுலகைக் காணவில்லை.

இந்த ஆட்சிக்கு மூன்று சமகாலச் சாட்சிகள் முக்கியமானவர்கள். நார்மண்டித் துறவி ஓர்டரிக் விட்டாலிஸ் குடும்பங்களையும் கோட்டைகளையும் நுட்பமாக அறிந்தவர். மார்ஜரி சிப்னல் ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்த பிறகே அவருடைய முழு வீச்சு ஆய்வாளர்களுக்குக் கைவந்தது. மால்ம்ஸ்பரி வில்லியம் அரசனை மதிப்பவர். ஹண்டிங்டன் ஹென்றியோ அரசன் கண்மூடிய பிறகு அவனுடைய அறிவு, வெற்றி, செல்வம் ஆகியவற்றுக்கு எதிரே பேராசை, கொடூரம், காமம் மூன்றையும் நிறுத்தினார். பிற்கால ஆய்வாளர்கள் இந்த மூவரில் யாரை அதிகம் நம்பினார்கள் என்பதைப் பார்த்தாலே அவர்கள் வரைந்த ஹென்றி எப்படிப்பட்டவன் என்பது தெரிந்துவிடும்.

நவீன ஆய்வின் திருப்புமுனை 1962. அந்த ஆண்டு ஆர். டபிள்யூ. சதர்ன் பிரிட்டிஷ் அகாதெமியில் ஆற்றிய சொற்பொழிவு, ஹென்றியின் பலம் அவன் வழங்கிய சலுகைகளில் இருந்தது என்று காட்டியது. ஜெஃப்ரி டி கிளிண்டன் போன்ற பெரிய பின்புலம் இல்லாதவர்களை உயர்த்தி, பதவியும் நிலமும் வாரிசுப் பெண்களின் மணவுரிமையும் கொடுத்து, அவர்கள் வழியாக ஆண்டான். சதர்னுக்கு ஆதாரமாக இருந்தவற்றுள் முதன்மையானது 1129–30ஆம் ஆண்டின் பைப் ரோல். ஆண்டுக் கணக்கை எழுதி வைத்த தோல் சுருள், இவ்வகையில் எஞ்சியவற்றுள் மிகப் பழையது. ஷெரிஃபுகள் கட்டம் போட்ட துணி விரித்த மேசையின் முன் நின்று கணக்கொப்பித்த எக்ஸ்செக்கர் எப்படி இயங்கியது என்பதை அறிய அது உதவுகிறது. ஜோசப் ஹண்டர் 1833இல் பதிப்பித்த அதனை 2012இல் ஜூடித் கிரீன் புதிதாகப் பதிப்பித்தார்.

அந்தச் சுருளில் நான் மீண்டும் மீண்டும் திரும்பும் பதிவு ஒன்று உண்டு. செஸ்டரின் கோமகள் லூசி, மூன்று கணவர்களை இழந்தவள். ஐந்து ஆண்டுகளுக்குத் தன்னை யாருக்கும் மணமுடித்து வைக்காமல் இருப்பதற்காக அரசனுக்கு 500 மார்க் தர ஒப்புக்கொள்கிறாள். ஒரு பெண் தன் தனிமைக்கு விலை பேசியது வரிக் கணக்குகளோடு ஒரு கணக்காக உட்கார்ந்திருக்கிறது. இதை நிர்வாக வரலாறு என்பதா, குடும்ப வரலாறு என்பதா? பிறர் வீட்டுத் திருமணங்கள் அரசனுக்கு வருமானமாகவும் அதிகாரமாகவும் இருந்த நாட்டில் இரண்டும் ஒன்றுதான்.

தன் வீட்டுத் திருமணங்களையும் அவன் இப்படியே நடத்தினான் என்பதைக் கேத்லீன் தாம்சன் 2003இல் எழுதிய கட்டுரை தெளிவாக்கியது. மணவுறவுக்கு வெளியே பிறந்த மகள்களை ஸ்காட்லாந்து மன்னனுக்கும், பிரிட்டனி, பெர்ஷ், பிரெத்தேய் பிரபுக்களுக்கும் கொடுத்தான். வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் அந்த மருமகன்கள் இங்கிலாந்து, நார்மண்டி எல்லைகளில் காவல் நிற்பது தெரியும். மகன்களில் ராபர்ட்டைக் குளோஸ்டரின் கோமகனாக்கினான். முந்தைய தலைமுறையினர் அரசனின் சபலமாக எழுதிக் கடந்துபோனதைத் தாம்சன் அரசியல் உத்தியாக வாசித்தார். அந்த வாசிப்பு நிலைத்துவிட்டது.

ஆனால் அந்த உத்தியின் விலையைக் கொடுத்தவர்கள் யார்? 1119இல் பிரெத்தேய் யூஸ்டேஸ், ஹென்றியின் மகள் ஜூலியானாவின் கணவன், ஒரு கோட்டையைக் கேட்டுப் பிணங்கினான். சமாதானத்துக்குப் பிணைக்கைதிகள் மாற்றப்பட்டார்கள்: கோட்டைக் காவலனின் மகன் யூஸ்டேஸிடம், யூஸ்டேஸின் இரு பெண் குழந்தைகள் அரசனிடம். யூஸ்டேஸ் அந்தச் சிறுவனின் கண்களைப் பிடுங்கினான். பழிக்குப் பழி கேட்ட தகப்பனிடம் ஹென்றி தன் சொந்தப் பேத்திகளை ஒப்படைத்தான். அவர்களின் கண்கள் பறிக்கப்பட்டன, மூக்கு நுனி அறுக்கப்பட்டது. தந்தையைச் சந்திக்க வேண்டும் என்று அழைத்த ஜூலியானா அவன்மீது வில்பொறியால் அம்பெய்தாள். குறி தப்பியது. பிறகு கோட்டைச் சுவரிலிருந்து உறைபனி அகழியில் குதித்துத்தான் அவளால் வெளியேற முடிந்தது. இத்தனையும் ஓர்டரிக் சொல்வது.

சி. வாரன் ஹாலிஸ்டர் தன் வாழ்நாள் உழைப்பை ஹென்றிக்கே கொடுத்தவர். 1990இல் கலிஃபோர்னியாவில் பரவிய தீயில் வீடும் நூலகமும் கையெழுத்துப் பிரதியும் சாம்பலான பிறகும் மீண்டும் எழுதத் தொடங்கினார், 1997இல் மறைந்தார், அமண்டா கிளார்க் ஃப்ராஸ்ட் நிறைவு செய்த நூல் 2001இல் வெளிவந்தது. அந்த உழைப்பின்முன் தலை வணங்குகிறேன். ஆனாலும் ஹாலிஸ்டரின் ஹென்றி நாட்டுக்கு அமைதி தந்தவன். அவனுடைய கடுமைக்கெல்லாம் அக்கால வழக்கம் பொறுப்பேற்றுக்கொள்கிறது. அந்தக் குழந்தைகளை நினைக்கும்போது எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. 1986இல் ஹென்றியின் நிர்வாகத்தையும் 2006இல் அவன் வாழ்வையும் எழுதிய ஜூடித் கிரீன் அமைதியையும் அச்சத்தையும் சேர்த்தே நிறுக்கிறார். இன்று புதிதாகப் படிக்க வருபவருக்கு முதலில் அவரைத்தான் காட்டுவேன்.

1120 நவம்பர் 25 இரவு பார்ஃப்ளூர் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட வெண்கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. ஹென்றியின் ஒரே சட்டபூர்வ மகன் வில்லியம், வேறு இரு பிள்ளைகள், ஏறத்தாழ 300 பேர். ரூவான் நகரத்துக் கசாப்புக்காரர் ஒருவர் மட்டும் பிழைத்தார். புறப்படும் முன் வயிற்றுப்போக்கு காரணமாக இறங்கிக்கொண்டவர்களில் ஒருவன் அரசனின் சகோதரி மகன் ஸ்டீஃபன். அடுத்த ஆண்டே ஹென்றி லூவேனின் அடிலைசாவை மணந்தான். பிள்ளை பிறக்கவில்லை. ஜெர்மானியப் பேரரசனுக்கு வாழ்க்கைப்பட்டு விதவையான மகள் மெட்டில்டாவை அழைத்து வந்து, 1127இல் பிரபுக்களை அவளுக்கு விசுவாச உறுதி எடுக்க வைத்தான், ஸ்டீஃபனும் எடுத்தான். மறு ஆண்டு அவளை நார்மானியர்கள் வெறுத்த ஆஞ்சூவின் ஜெஃப்ரிக்குக் கட்டி வைத்தான். சிப்னல் 1991இல் எழுதிய மெட்டில்டா வரலாறும் எட்மண்ட் கிங் 2010இல் எழுதிய ஸ்டீஃபன் வரலாறும் இந்த இடத்தை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து காட்டுகின்றன.

1135 டிசம்பர் 1 அன்று ஹென்றி லியோன்ஸ்-லா-ஃபொரேயில் இறந்தான். மருத்துவர் தடுத்தும் லாம்ப்ரே மீன் தின்றதால் என்று சொல்பவர் ஹண்டிங்டன் ஹென்றி. ஓர்டரிக் வேட்டைக்குப் போன இடத்தில் வந்த நோயை மட்டும் சொல்கிறார். குடல் முதலியவை ரூவானில் அவன் தாய் தொடங்கிய நோத்ர்-டாம்-டு-ப்ரே மடத்தில் அடக்கமாயின. உடலை வெட்டி உப்பிட்டு மாட்டுத் தோலில் சுற்றினார்கள். மூளையை எடுக்கக் கோடரியால் தலையைப் பிளந்தவன் நாற்றம் தாங்காமல் செத்தான். ஹென்றி கொன்ற பலரில் அவனே கடைசி என்கிறார் ஹண்டிங்டன் ஹென்றி. கானில் வாரக்கணக்கில் சாதகமான காற்றுக்குக் காத்திருந்து, 1136 ஜனவரித் தொடக்கத்தில் உடல் ரெடிங் வந்து சேர்ந்தது.

ரெடிங் மடத்தை ஹென்றி 1121இல், மகன் மூழ்கிய மறு ஆண்டு, நிறுவினான். மகள் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த புனித யாக்கோபின் கைதான் அதன் பெருஞ்செல்வம். அந்த மகளுக்குச் செய்த சத்தியத்தை மீறி டிசம்பர் 22 அன்றே முடிசூடிவிட்ட ஸ்டீஃபன், புது அரசனாக அடக்கச் சடங்கை முன்னின்று நடத்தினான். மாமனுக்குக் கடைசிக் கடன் செய்தவனே வாரிசு என்று ஊர் அறியட்டும் என்பதே அதன் பொருள் என்று கொள்கிறேன். ஸ்டீஃபனுக்கும் மெட்டில்டாவுக்கும் இடையே மூண்ட உள்நாட்டுப் போர் ஓய்ந்தபின் அவள் மகன் இரண்டாம் ஹென்றி அரியணை ஏறினான். 1156இல் தன் மூன்று வயது மகன் வில்லியம் இறந்தபோது, குழந்தையின் கொள்ளுத்தாத்தா முதலாம் ஹென்றியின் காலடியில் அடக்கம் செய்தான். கல்லறையின் உரிமை மகள் வழிக்குத் திரும்பியது. ரோன் பேக்ஸ்டர் 2016இல் எழுதிய நூல் மடத்தின் கட்டடக் கலையைத் திறம்பட விவரிக்கிறது. அந்தக் கல்லறையில் நடந்த இந்த வாரிசுரிமைச் சண்டைக்கோ இன்னும் விரிவான தனி ஆய்வு தேவை.

1539இல் எட்டாம் ஹென்றி மடத்தைக் கலைத்தான். கடைசித் தலைவர் ஹியூ ஃபேரிங்டன் தூக்கிலிடப்பட்டார். 2012இல் லெஸ்டர் வாகன நிறுத்தத்தில் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் கிடைத்ததும் ரெடிங்கிலும் தேடல் சூடுபிடித்தது. 2016இல் மட வளாகத்தில், பழைய சிறையின் வாகன நிறுத்தத்தையும் சேர்த்து, நிலத்தடி ரேடார் ஆய்வு நடந்தது. கல்லறைகளாக இருக்கக்கூடிய தடயங்கள் பதிவாயின. என் ஆர்வம் அரசனின் முகத்தை மீட்டுருவாக்குவதில் இல்லை. உடல் கிடைத்து, மண்டையோட்டில் கோடரித் தடமும் எலும்புகளில் கத்திக் கோடுகளும் தெரிந்தால், ஹண்டிங்டன் ஹென்றியின் அந்தப் பக்கத்தை வசைக்கதை என்று இனி ஒதுக்க முடியாது. மண்டை முழுசாக இருந்தால், அவரை மட்டுமே நம்பி எழுதப்பட்டவற்றை, லாம்ப்ரே மீன் உட்பட, மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும்.