பாலைவனம் காணாத சாத்து

கூட்டமாகச் சேர்ந்து நெடுவழி செல்லும் வணிகரைப் பழந்தமிழ் நூல்கள் சாத்து என வழங்கும். பாலைவனத்திலே ஒட்டகங்களோடு செல்லும் அத்தகைய கூட்டத்தை ஆங்கிலேயர் ‘கரவான்’ என்பர். அப்பெயர் தாங்கிய ஜாஸ் உருவொன்று 1936 ஆம் ஆண்டிலே முதன்முதல் இசைத்தட்டிற் பதிவாயிற்று. அன்றுதொட்டு அதனை வாசித்த குழுக்கள் எண்ணிறந்தன. கீழைத்தேய மணம் அதிற் கமழ்கின்றது என்பது பொதுவழக்கு. அம்மணம் இயல்பானதா, பூசப்பட்டதா என்னும் வினாவுக்கு அதன் பதிவு வரலாறே விடை பகர்கின்றது.

மெட்டை இயற்றியவர் யுவான் டிசோல். 1900 இல் புவேர்த்தோ றிக்கோத் தீவிற் பிறந்து, 1920 இல் அமெரிக்கப் பெருநிலம் சேர்ந்த இவர், 1929 முதல் டியூக் எலிங்டன் குழுவில் ட்றொம்போன் வாசித்தவர். பாலைவனத்தோடு அவருக்கோ எலிங்டனுக்கோ அக்காலத்தில் யாதொரு தொடர்பும் இருந்ததில்லை. எனின், இப்பொருள் அவர்க்கு வாய்த்தது எவ்வாறு? எலிங்டன் குழு 1927 முதல் 1931 வரை நியூயோர்க்கின் கொற்றன் கிளப்பிற் பணிபுரிந்தது. அங்கே ஆடுவோரும் இசைப்போரும் கறுப்பர், காண்போர் வெள்ளையர். ஆபிரிக்கக் காடும் தொலைநாடுகளும் அவ்வரங்கின் அலங்காரங்கள். வேற்றுநாட்டு வேடம் பூண்டே கலைஞர் வாழவேண்டியிருந்தது. ‘கரவான்’ அவ்வழக்கத்தின் வழித்தோன்றல்.

முதற்பதிவு 1936 டிசம்பரில் ஹொலிவூட்டில் நிகழ்ந்தது. கிளாரினெற் வாசித்த பார்னி பிகாட்டின் பெயரால் எலிங்டன் குழுவினர் எழுவர் அதனை வாசித்தனர். 1937 மே மாதத்தில் முழுக்குழுவும் அதனை மீண்டும் பதிவு செய்தது.

உருவின் அமைப்பு நுணுகி நோக்கற்பாலது. 64 தாளக்கட்டங்கள் பதினாறு பதினாறாக நான்கு பகுதிகளாய்ப் பிரிகின்றன. முதலாம், இரண்டாம், நான்காம் பகுதிகள் ஒரே மெட்டின, மூன்றாவது வேறு. அம்மூன்று பகுதிகள் ஒவ்வொன்றிலும், முதற் பன்னிரண்டு கட்டங்களில், தன் நிலைக்கு மீளத் துடிக்கும் ஒரேயொரு சுரக்கூட்டே நீடிக்கின்றது. இறுதி நான்கிலேயே அஃது ஆதார சுரத்தை வந்தடைகின்றது. முடிவில்லா மணல்வெளியைக் கேட்போர் மனத்தில் எழுப்புவது இந்த நீண்ட காத்திருப்பே. மூன்றாம் பகுதியிலோ நான்கு கட்டங்களுக்கு ஒன்றாகச் சுரக்கூட்டு மாறுகின்றது. தாளமும் நேரான ஜாஸ் நடையை மேற்கொள்கின்றது. ஒட்டகம் நின்றவிடத்தில் நியூயோர்க் வீதி தோன்றுகின்றது எனலாம். ஆகவே, கீழைத்தேய மணம் எனப்படுவது அராபியரிடம் பெற்றதன்று. மேலைத்தேய இசையிலக்கண விதியொன்றை நீட்டிப் பெற்ற பயனாகும்.

இவ்வுருவின் உரிமை வரலாறு கசப்பானது. வெளியீட்டாளர் ஏர்விங் மில்ஸுக்கு அதனை 25 டொலருக்கு விற்றதாக டிசோல் பின்னாளிற் கூறினார். அதன் புகழ் பெருகிய பின்னர், கேட்டே தம் பங்கைப் பெற்றார். பாடலடிகள் மில்ஸ் பெயரால் வழங்குகின்றன. கற்பனை வணிகரைப் பாடிய இசை மெய்யான வணிகத்துள் அகப்பட்ட கதை இது.

பிற்காலப் பதிவுகள் இரு வழிப்பட்டன. ஒருவழி, வேடத்தையே பெருக்கியது. 1949 இற் பில்லி எக்ஸ்ரைன் பாடிய தட்டில் காதற்கனவே மேலோங்கியது. 1958 இல் ஆர்தர் லைமன் ஹவாயிற் பதிவு செய்த தொகுதியில், ‘கரவான்’ உல்லாசப் பயணிகளுக்கான தீவு அலங்காரங்களுள் ஒன்றாயிற்று. மற்றைய வழி, வேடத்தைக் களைந்தது. 1955 இல் தெலோனியஸ் மங்க் பியானோ, பாஸ், முரசு என்னும் மூன்றோடு அமைந்து, மெட்டின் எலும்பையே காட்டினார். 1962 இல் ஆர்ட் பிளேக்கி தம் முரசொலியால் அதனைத் தொடக்கி, பாலைவனத்தை மறக்கச் செய்தார். அதே ஆண்டில் 63 வயதினரான எலிங்டன், சார்ள்ஸ் மிங்கஸ், மக்ஸ் றோச் என்னும் இளையர் இருவரோடு வாசித்த பதிவு எல்லாவற்றினும் கடுமையானது. பியானோ கொட்டுக்கருவிபோல் ஒலிக்கின்றது. மிங்கஸ் 1953 இல் டிசோலோடு மூண்ட சண்டையால் எலிங்டன் குழுவை நீங்க நேர்ந்தவர். மனிதரோடு பிணங்கியவரும் மெட்டின் வலிமைக்குத் தலைவணங்கினார்.

கீழைத்தேயத்தை எலிங்டன் நேரிற் கண்டது 1963 இலேயே. அமெரிக்க அரசு அனுப்பிய அப்பயணத்தில் டமாஸ்கஸ், காபூல், டில்லி, சென்னை, கொழும்பு, பக்தாத் முதலிய நகரங்களில் அவர் குழு வாசித்தது. அதன் விளைவாக 1966 டிசம்பரிற் பதிவான ‘தூரகிழக்குத் தொகுதி’யிற் புகழ்பெற்ற பகுதி ‘இஸ்பஹான்’. ஆயினும் அம்மெட்டைப் பில்லி ஸ்ட்றேஹோண் பயணத்துக்கு முன்னரே இயற்றியிருந்தார். ஈரானிய நகரின் பெயர் பின்னர் இடப்பட்டது. கண்டபின்னும் இசையை ஆக்கியது நிலமன்று, கலைஞர் உள்ளமே என்பது இதனாற் புலனாகின்றது.

எனவே, ‘கரவான்’ கீழைத்தேயத்தின் சித்திரமன்று. அதனை அவ்வாறு போற்றுவோரும், போலியென இகழ்வோரும் பெயரை நோக்கினரன்றி இசையை நோக்கினாரல்லர். எனினும் வேடத்தை அறவே மறத்தலும் தகாது. அதனைப் பூணுமாறு செய்தவர் பிறர். பூண்டு அதனுள்ளே நிலையான உருவொன்றைச் சமைத்தவர் அக்கலைஞர். பூச்சு உதிர்ந்த பின்னும் உரு நிற்கின்றது என்பதே இசைத்தட்டுக்கள் கூறும் சான்று.