ரௌட்டர்: பொருத்த வந்தவர் போட்டதே போதுமா?

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் சுவரில் துளையிட்டு, கேபிளை இழுத்து, ரௌட்டரை மாட்டி, கைபேசியில் இணையம் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். வைஃபைக்கு வீட்டுக்காரரின் கைபேசி எண்ணையே கடவுச்சொல்லாகப் போட்டுத் தருவதும் நம்மூரில் சகஜம். அதன்பின் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தை யாரும் திறப்பதே இல்லை.

இந்த வழக்கத்தை ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. இணைப்புக்கான பயனர் பெயர், விலான் எண் போன்றவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தெரியாமல் ஒன்றில் கை வைத்தாலும் இணையம் நின்றுவிடும். அந்த வேலை தெரிந்தவரிடமே இருப்பது நல்லது. கைபேசி எண்ணிலும் ஒரு வசதி உண்டு. அது யாருக்கும் மறக்காது; தாத்தாவே விருந்தாளிக்குச் சொல்லிவிடுவார்.

வினை அங்கேதான் தொடங்குகிறது. 2021இல் சைபர்ஆர்க் நிறுவன ஆய்வாளர் இடோ ஹூர்விட்ச், இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில் 5,000 வைஃபை இணைப்புகளின் தரவுகளைத் திரட்டிச் சோதித்தார். சுமார் 70 சதவீதக் கடவுச்சொற்கள் உடைந்தன. பலர் கைபேசி எண்ணையே வைத்திருந்தார்கள். ரௌட்டர் காற்றில் அனுப்பும் சிறு தரவொன்றைப் பிடித்துவிட்டால், மிச்ச ஊகத்தைத் தன் கணினியிலேயே ஒருவர் செய்துகொள்ளலாம். எத்தனை முறை தவறினாலும் ரௌட்டருக்குத் தெரியாது. 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்கும் இந்தியக் கைபேசி எண்கள் அதிகபட்சம் 400 கோடிதான். திறன்மிக்க கிராபிக்ஸ் அட்டைக்கு அது சில மணி நேர வேலை. எண் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த வேலையும் இல்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை, அமைப்புப் பக்கத்துக்கான கடவுச்சொல்லை ஆலையிலிருந்து வந்தபடியே விட்டுவைப்பது. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், அறுபதுக்கும் மேற்பட்ட இத்தகைய பெயர்–கடவுச்சொல் இணைகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே ரௌட்டர்களையும் கண்காணிப்பு கேமராக்களையும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபரில் அவற்றைக் கொண்டு நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. எளிதில் ஊகிக்கக்கூடிய ஆலைக் கடவுச்சொற்களுடன் கருவிகளை விற்பதைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டப்படி தடுத்துவிட்டது.

விவரம் அறிந்தவர்கள் எதிர்த்திசையில் தடுமாறுகிறார்கள். வைஃபை பெயரை மறைத்துவிட்டால் பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். கருவி இணையும்போது அந்தப் பெயர் வெளிப்படத்தான் செய்கிறது. பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியையோ அப்படியே விட்டுவைக்கிறார்கள். அதன் எட்டு இலக்க பின் எண்ணை ரௌட்டர் இரு பாதிகளாகச் சரிபார்ப்பதால், கூடிப்போனால் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011இலேயே அம்பலமான விஷயம்.

ஆகவே, பொருத்த வந்தவரிடம் முழுவதையும் விடுவதும் தவறு, எல்லாவற்றையும் நாமே கிளறுவதும் தவறு. நிறுவனத்தோடு இணைக்கும் அமைப்புகள் அவர் பொறுப்பு. வீட்டுக்குள் யார் நுழையலாம் என்பது நம் பொறுப்பு. அமைப்புப் பக்கக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபைக்கு எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட கடவுச்சொல் வையுங்கள். டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். பொருத்த வந்தவர் வாசலைத் தாண்டும் முன்பே இந்த மூன்றையும் முடித்துவிடலாம்.