குழந்தையின் வினா: தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் இல்லமும் இளமையும்

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றிய ஆய்வுகள் காப்பியம், சிற்றிலக்கியம், கீர்த்தனை, அகராதி, உரைநடை, அச்சு வரலாறு எனத் துறைதோறும் விரிந்துள்ளன. எனினும், கிறித்தவ இல்லத்தின் அன்றாட வாழ்வு, குறிப்பாக இளங்குழந்தைகள் வளரும் வீட்டின் வாழ்வு, இவ்விலக்கியத்தில் எவ்வாறு இடம்பெற்றுள்ளது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. அவ்வினாவை முன்வைத்துச் சில நூல்களை வாசிப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாசிப்பிற்குரிய களமாகப் பெங்களூர் ஜோகுபாளையம் கொள்ளப்படுகிறது. 1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் இராணுவப் பாளையத்தை நிறுவிய பின்னர், சென்னைப் படையோடு தொடர்புடைய தமிழர் படைவீரராகவும் வணிகராகவும் பணியாளராகவும் அங்குக் குடியேறினர். அல்சூர், சிவாஜிநகர் முதலிய பகுதிகள் தமிழ் வழங்கும் பகுதிகளாக வளர்ந்தமை இவ்வாறே. அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்தையும் இவ்வரலாற்றினின்று பிரித்துக் காண இயலாது. இத்தகைய பகுதியின் தமிழ்க் கிறித்தவ வீடொன்றில் வளரும் குழந்தை பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கிறது. தெருவில் பல மொழிகளைக் கேட்கிறது. தமிழைப் பாடமாகப் பயிலாத அக்குழந்தை செந்தமிழ்ச் சாயலுடைய மொழியை நாள்தோறும் கேட்கவும் சொல்லவும் வாய்க்கும் இடம் வீட்டுச் செபமே ஆகும். ஆகவே, கிறித்தவ இல்லமும் குழந்தையும் என்னும் பொருள் சமயவியலுக்கு மட்டும் உரியதன்று; மொழி நிலைபேற்றுக்கும் உரியதாகும்.

அச்சேறிய முதற்பாடம்

தமிழ் அச்சு வரலாறு குழந்தைக்குக் கற்பிக்கும் முயற்சியோடு நெருங்கிய உறவுடையது. 1554இல் லிசுபனில் அச்சான ‘கார்த்தில்யா’ தமிழ்ச் செபங்களை உரோமன் எழுத்தில் தந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகும். அண்டிரிக் அடிகளார் எனத் தமிழுலகம் அறிந்த என்றிக்கே என்றீக்கசு அதனை உருவாக்கினார். அடுத்த ஆண்டு, 1579இல், கொச்சியில் அவருடைய ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. மார்க்கோசு ஜோர்ஜ் போர்த்துக்கீசிய மொழியில் இயற்றிய வினாவிடை நூலே இதற்கு மூலமாகும். சிறுவருக்குக் கற்பிப்பதற்காக உரையாடல் முறையில் அமைக்கப்பட்டது என்பதை அம்மூலநூலின் தலைப்பே அறிவிக்கின்றது.

இவண் ஒரு செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. வினாவிடை நூலில் வினவுபவர் ஆசிரியர். விடை கூறுபவர் மாணாக்கர். விடையும் முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. குழந்தை அதனை மனனம் செய்து ஒப்புவிக்கிறது. குழந்தைக்கு வாய் உண்டு. ஆனால் தனக்கென ஒரு வினா இல்லை. பின்னர்த் தோன்றிய தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் குழந்தை பெறும் இடத்தை இவ்வமைப்பு பெரிதும் தீர்மானித்தது எனலாம்.

தச்சன் இல்லம்

வீரமாமுனிவர் (1680–1747) 1726இல் இயற்றிய தேம்பாவணி மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவன் இயேசு அல்லன். அவரை வளர்த்த சூசையே. வளன் என்னும் தமிழ்ப் பெயரால் அழைக்கப்படும் அவன் தாவீதின் மரபில் வந்தவன் எனினும், தச்சுத் தொழிலால் வாழ்பவன். வேந்தரையும் வீரரையும் தலைமக்களாகக் கொண்ட காப்பிய மரபில், கைத்தொழில் செய்து மனைவியையும் மகவையும் காக்கும் ஒருவன் தலைமகனாவது அரிய நிகழ்வாகும். இல்லத் தந்தையைக் காப்பியத் தகுதிக்கு உயர்த்திய இப்புதுமையை, நூலின் சொல்வளத்தையும் வருணனைச் சிறப்பையும் போற்றும் ஆய்வுகள் வலியுறுத்தவில்லை.

ஆயினும், தேம்பாவணியின் இல்லம் ஏனைய இல்லங்களைப் போன்றதன்று. இல்லறமும் துறவறமும் ஒரே மனையில் இணைவதை ‘ஈரறம் பொருத்து படலம்’ தன் பெயராலேயே உணர்த்துகிறது. கணவனும் மனைவியும் கன்னிமை காக்கும் அவ்வீடு தவச்சாலையாகவும் விளங்குகிறது. மகவோ இறைவன். எனவே, பெற்றோர் மகவிடம் கொள்ளும் அன்பு வழிபாடாக மாறுகிறது. அழுது அடம்பிடிக்கும் குழந்தைக்கும், அதனைக் கடிந்துகொண்டு பின் வருந்தும் தாய்க்கும் அங்கு இடமில்லை. இது காப்பியத்தின் குறையன்று. அதன் நோக்கத்தின் எல்லை.

எகிப்துப் பயணப் பகுதியில் இவ்வெல்லை ஓரளவு தளர்கின்றது. ஏரோதின் கொடுமைக்கு அஞ்சிக் கைக்குழந்தையுடன் நாடு நீங்கும் குடும்பத்தின் வழிநடையும், வேற்று நாட்டு வாழ்வும் காப்பியத்தில் மிகுதியான இடம் பெறுகின்றன. வழிநடையினூடே பழைய ஏற்பாட்டு வரலாறுகள் கதைக்குள் கதையாக விரிகின்றன. வேற்றுமொழி வழங்கும் நாட்டில் உழைத்து மகவை வளர்க்கும் குடும்பம் என்னும் நிலையில், குடிபெயர்ந்தோர் இல்லத்தின் காப்பியமாகவும் தேம்பாவணியை வாசிக்க இடமுண்டு. இத்தாலியிலிருந்து வந்து தமிழைத் தன்வயமாக்கிக்கொண்ட ஒருவர் அதனை இயற்றினார் என்பது இவ்வாசிப்பிற்கு வலுச் சேர்க்கிறது. பெங்களூரில் குடியேறிய தமிழர் வழியினருக்கு இப்பகுதி வேறொரு பொருளைத் தரக்கூடும்.

தாயின் குரலும் சிற்றிலும்

பிள்ளைத்தமிழ் தேம்பாவணிக்கு எதிர்த்திசையில் இயங்குகிறது. காப்பியம் குழந்தையைக் கடவுளாகக் காண்கிறது. பிள்ளைத்தமிழோ கடவுளைக் குழந்தையாக்கித் தாயின் மடியில் இருத்துகிறது. அருள் செல்லத்துரையின் ‘இயேசுபிரான் பிள்ளைத்தமிழ்’ (1985) இம்மரபைக் கிறித்தவப் பொருளுக்குக் கொண்டுவந்தது. பவுலா ரிச்மன் பிள்ளைத்தமிழ் பற்றி 1997இல் வெளியிட்ட ஆங்கில நூலில் சைவ, இசுலாமியப் பிள்ளைத்தமிழ் நூல்களோடு இதனையும் சேர்த்து ஆராய்ந்துள்ளார்.

காப்பு முதலாகச் சிறுதேர் ஈறாக உள்ள பத்துப் பருவங்கள் வெறும் இலக்கிய மரபல்ல. தலையெடுத்தல், கைகொட்டல், தளர்நடை, நிலவு வேண்டி அழுதல் என வளரும் குழந்தையை நாள்தோறும் நோக்கிய வீட்டாரின் அறிவு அவற்றில் பொதிந்துள்ளது. எனினும், இப்பருவங்களில் பேசுவோர் தாயரும் செவிலியருமே, குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது. இதற்கு விலக்காக அமைவது சிற்றில் பருவம். மணலில் சிறுவீடு கட்டி விளையாடும் சிறுமியர், அதனை அழிக்க வரும் ஆண்குழந்தையிடம் தாமே முறையிடுகின்றனர். சிறுவர் சிறுவரிடம் பேசும் இடமும், வீடு என்பது குழந்தை கட்டும் பொருளாக அமையும் இடமும் இதுவே. கிறித்தவ இல்லத்தைக் குழந்தையின் பக்கம் நின்று காண்பதற்கான வித்து தமிழ் மரபின் இப்பருவத்தில் உள்ளது என்பது இக்கட்டுரையின் துணிபு.

உரைநடையில் இவ்வித்து உடனே முளைக்கவில்லை. தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை (1879) எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், ஆனால் அவர் படைத்த இல்லம் கிறித்தவ இல்லமன்று. கிறித்தவ வீட்டில் வளரும் சிறுமியின் மனத்தைச் சித்திரித்த கிருபாபாய் சத்தியநாதனின் ‘சகுணா’ ஆங்கிலத்தில் எழுதப்பெற்றது. அதில் வருவது மராட்டியப் பகுதியின் குடும்பம். சமய எல்லை கடந்த வாசகரை வேதநாயகர் நாடினார் என இதற்கு அமைதி கூறலாம். ஆனால் அதன் விளைவாக, வழிபாட்டுப் பாடல்களில் நிறைந்திருந்த கிறித்தவம் நாவலின் அடுக்களைக்குள் நுழைய நெடுங்காலம் ஆயிற்று.

உழைக்கும் இல்லம்

பாமாவின் ‘கருக்கு’ (1992), இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) ஆகிய இரண்டும் இந்நிலையை மாற்றின. கருக்கு, கத்தோலிக்க தலித் குடும்பத்தில் பிறந்த சிறுமியின் வளர்ச்சியைப் பேச்சுத்தமிழில் கூறுகிறது. மனப்பாடச் செபம், பாவம் பற்றிய அச்சம், பேய் பற்றிய கதைகள் ஆகியவற்றின் வழியே பக்தி புகட்டப்பட்ட முறையை அது மறைக்கவில்லை. கோயிலுக்குள்ளும் சாதி நிலவுவதைக் காணும்போது, கற்பிக்கப்பட்ட விடைகளுக்கு அப்பால் அக்குழந்தைக்கு ஒரு வினா பிறக்கிறது. 1579இன் வினாவிடை அமைப்பு இங்குத் தலைகீழாகிறது: வினவுவது குழந்தை, விடையின்றி நிற்பது நிறுவனம்.

கோவேறு கழுதைகளின் ஆரோக்கியம், தலித் மக்களுக்கு வெளுக்கும் வண்ணார் குடும்பத்தைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண். கணவன் சவுரி, பிள்ளைகள் ஜோசப், மேரி, பீட்டர். பெயர்கள் அனைத்தும் திருக்குடும்பத்தையும் திருத்தொண்டரையும் நினைவூட்ட, வாழ்வோ துணி வெளுத்தலிலும் வீடுவீடாகச் சோறு பெறுதலிலும் கழிகிறது. பீட்டரைச் சாமியாராக்க வேண்டும் என்னும் தாயின் ஆசையில் பக்தியும் வறுமையிலிருந்து மீளும் விருப்பமும் பிரிக்கவியலாது கலந்துள்ளன. அந்தோணியாரிடம் அவள் முறையிடும் மொழி செபப்புத்தக மொழியன்று. உறவினரோடு வழக்காடும் மொழி. தேம்பாவணியில் தொழில் தலைவனின் எளிமைக்கு அணியாகிறது. இந்நாவலிலோ தொழிலே இல்லத்தின் நேரத்தையும் உணவையும் குழந்தைகளின் இளமையையும் வரையறுக்கிறது. தச்சன் இல்லத்தின் உண்மையான வழித்தோன்றல் இவ்வண்ணார் இல்லமே எனக் கொள்ளுதல் பொருந்தும்.

ஒரு வீட்டில் மூன்று தமிழ்

மேற்கண்ட நூல்களின் களங்கள் தமிழ் வழங்கும் ஊர்கள். ஜோகுபாளையத்தின் நிலை வேறு. அங்கு மொழியே இல்லத்தின் பொருளாகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு (1962–65) முன் வளர்ந்த கத்தோலிக்க மூதாட்டி ‘சர்வேசுரன்’, ‘பரமண்டலம்’, ‘பிரியதத்தம்’, ‘பூசை’ என்னும் சொற்களில் செபித்துப் பழகியவர். அவருக்குப் பின்வந்த தலைமுறை ‘இறைவன்’, ‘விண்ணகம்’, ‘அருள்’, ‘திருப்பலி’ என்னும் சொற்களைக் கற்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இம்மாற்றத்தை நிலைப்படுத்தியது. சீர்திருத்தச் சபையினர் வீடுகளில் ‘தேவன்’, ‘கர்த்தர்’, ‘ஜெபம்’ முதலிய சொற்களும், தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) மரபில் வந்த கீர்த்தனைகளும் தொடர்கின்றன. ஒரே பாயில் அமர்ந்து செபமாலை சொல்லும் பாட்டி, தாய், பேர்த்தி ஆகியோரிடையே மணிப்பிரவாளச் சாயலுள்ள தமிழும், தனித்தமிழ் இயக்கத்தின் தாக்கம் பெற்ற தமிழும், கன்னட ஆங்கிலக் கலப்புடைய பேச்சுத்தமிழும் ஒருங்கே ஒலிக்கக்கூடும். தமிழ் உரைநடையின் நெடிய மாற்றம் ஒரு மாலைப்பொழுதில் கேட்கக் கிடைப்பது வியப்பிற்குரியது.

தமிழ் எழுத்தறியாத சிறுவர்க்குப் பாடல்களை ஆங்கில எழுத்திலோ கன்னட எழுத்திலோ எழுதித் தரும் வழக்கமும் உண்டு. இதனைச் சிதைவு என ஒதுக்குவது எளிது. ஆனால் 1554இல் அச்சான தமிழும் உரோமன் எழுத்திலேயே அமைந்தது. அன்று அயலார் தமிழைக் கற்க அவ்வெழுத்து உதவியது. இன்று தமிழ்க் குழந்தை தன் பாட்டியின் மொழியை இழவாதிருக்க உதவுகிறது. எனினும் மனனம் மட்டும் மொழியைக் காவாது. செபத்தைப் பிழையின்றிச் சொல்லும் குழந்தை, அதில் வரும் ஒரு சொல்லின் பொருளை வினவ நேரும்போது ஆங்கிலத்திற்கோ கலப்பு மொழிக்கோ செல்கிறது. விடை தமிழில் இருக்க, வினா வேறு மொழியில் பிறக்கிறது. வினவுவதற்கும் பயன்படும்போதே ஒரு மொழி அடுத்த தலைமுறையின் மொழியாகிறது.

கிறித்துமசு நாட்களில் வீடுதோறும் சிறுவர் வைக்கோலும் தாளும் கொண்டு குடில் அமைக்கின்றனர். பெரியோர் சொல்லித்தரும் செபத்தைப் போலன்றி, குடிலில் எதனை எங்கு வைப்பது என்பதில் சிறுவரின் சொல் செல்லும். ஆட்டை எங்கு நிறுத்துவது, குழந்தை இயேசுவை எப்போது கிடத்துவது என்னும் வழக்குகளில் அவர்கள் தம் மொழியில் தம் வினாக்களை எழுப்புகின்றனர். பிள்ளைத்தமிழின் சிற்றில் இன்றைய வீட்டில் மீண்டும் எழும் இடமாக இதனைக் கருதலாம்.

முடிவுரை

வினாவிடை நூல் குழந்தைக்கு விடையைத் தந்தது. தேம்பாவணி இல்லத் தந்தைக்குக் காப்பியத் தகுதி தந்தது. பிள்ளைத்தமிழ் தாய்க்குக் குரல் தந்தது. கருக்கும் கோவேறு கழுதைகளும் உழைக்கும் கிறித்தவ இல்லத்தை எழுத்தில் நிறுத்தின. இவற்றுள் குழந்தை தானே வினவும் நிலை கருக்கில் வலுவாகத் தோன்றுகிறது. தமிழ்நாட்டுக்கு வெளியே, பள்ளியில் தமிழ் இல்லாத குழந்தையின் வினாவோ இலக்கியத்தில் இன்னும் தன் இடத்தைப் பெறவில்லை.

தமிழ்த்துறைகள் இதன்பொருட்டு ஆற்றத்தக்க பணிகள் உள. குடிபெயர்ந்தோர் இல்லங்களில் வழங்கும் பழைய செபங்கள், பிற எழுத்தில் எழுதப்பெற்ற பாடல் ஏடுகள், செபத்தினூடே தலைமுறைகள் பரிமாறும் சொற்கள் ஆகியவற்றைத் தொகுத்தல் உடனடித் தேவையாகும். பழைய சொற்களை அறிந்த மூத்த தலைமுறை அருகி வருவதால் இப்பணி காலம் தாழ்த்தற்குரியதன்று. மேலும், கிறித்தவ இலக்கியப் பாடத்திட்டங்களில் தேம்பாவணியின் அருகே கோவேறு கழுதைகளும் வைக்கப்பட வேண்டும். காப்பியத் தச்சனின் இல்லத்தையும் நாவலின் வண்ணார் இல்லத்தையும் ஒருசேரப் பயிலும் மாணவரே, ஜோகுபாளையத்தின் சிறுவீட்டில் ஒரு குழந்தை கலப்புத் தமிழில் எழுப்பும் வினாவையும் இலக்கியத்திற்குரியதாகச் செவிமடுக்க வல்லவராவர்.