விலை பேசும் உரிமை

அமெரிக்க பேஸ்பாலில் ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆடியவர், ஆறு ஆண்டு நிறையும்வரை, தன் சம்பளத்தை நடுவர் குழுவிடம் கொண்டுபோகலாம். அவர் ஒரு தொகை கேட்பார். கிளப் ஒரு தொகை சொல்லும். குழு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இடைப்பட்ட தொகைக்கு இடமில்லை என்பதால் இரு தரப்பும் மிகையாகக் கேட்கத் தயங்கும். பெரும்பாலான தகராறுகள் விசாரணைக்கு முன்பே பேசி முடிந்துவிடும். கட்டுப்படியாகாது என்று நினைக்கும் கிளப், வீரரை நவம்பரிலேயே விடுவித்துவிடும்.

ஐபிஎல்லில் இந்த நடுவர் இல்லை. 2025 பருவத்துக்கு ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய் செலவு வரம்பு. சென்னை சூப்பர் கிங்ஸ் ஐவரைத் தக்கவைக்க 65 கோடி செலவிட்டது: ருதுராஜ், ஜடேஜா தலா 18, பதிரனா 13, துபே 12, தோனி 4. முந்தைய ஒப்பந்தத்தில் தோனிக்கு 12 கோடி. ஐந்து ஆண்டு சர்வதேச ஆட்டம் ஆடாத இந்தியரை அறிமுகமாகாத வீரராகக் கருதும் விதி திரும்ப வந்ததால்தான் நாலு கோடி. அணிக்கு இது கெட்டிக்காரக் கணக்கு.

அந்தப் பருவத்துக்கான ஜெத்தா ஏலத்தில் ரச்சின் ரவீந்திராவுக்குப் பஞ்சாப் 3.20 கோடி கேட்டது. முன்பு தன்னிடம் ஆடியவரை வேறு அணி கேட்ட விலைக்கே திரும்பப் பெறும் மீட்பு உரிமையைச் சென்னை பயன்படுத்தியது. புதிய விதிப்படி, பஞ்சாப் கடைசியாக ஒருமுறை விலையை உயர்த்தலாம். அது 4 கோடி என்றது. சென்னை சம்மதித்தது. ரச்சினுக்குக் கூடுதலாகக் கிடைத்த 80 லட்சம், போட்டி அணி கேட்டதால் வந்தது. அவர் தன் தரப்பைச் சொல்ல அங்கே இடமே இல்லை. இது நியாயமான முறை அல்ல.

மலேசியாவின் பினாங்கில் உள்ள பாலிக் புலாவ் ரசிகருக்குப் பழக்கமான தகராறு வேறு வகை. மலேசியக் கால்பந்தில் பேசிய சம்பளமே பல நேரம் கைக்கு வருவதில்லை. சம்பள பாக்கிக்காக 2020இல் காவல்துறை அணியான பிடிஆர்எம் மூன்று புள்ளிகளை இழந்தது. பினாங்குக்குப் பக்கத்து மாநிலமான கெடாவின் அணி, நிதிச் சிக்கலால் 2025-26 பருவத்துக்கான உரிமத்தையே இழந்தது. அங்கே வீரர்களுக்காகக் குரல் கொடுக்க ஒரு தொழில்முறைச் சங்கமாவது இருக்கிறது.

பேஸ்பால் வீரர்களுக்குச் சம்பளத்தை நடுவர் குழுவிடம் கொண்டுபோகும் உரிமையை 1973இல் அவர்கள் சங்கம்தான் பேசிப் பெற்றுத் தந்தது. இந்தியாவில் 2019இல் அமைந்த கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே. இப்போது ஆடுகிறவர்களுக்கும் ஒரு சங்கம் வேண்டும்.