சமூகத் திட்ட மதிப்பீட்டில் தரவு சேகரிப்பு: பேரா மாநில முன்னாள் தோட்டத் தமிழரை முன்வைத்து ஒரு திறனாய்வு

மலேசிய இந்தியரின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தும் நோக்கில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வகுக்கப்பட்ட திட்டங்கள் பல. 2010இல் சிறப்பு அமலாக்கப் பணிக்குழு, 2014இல் செடிக், 2018இல் அதன் இடத்தில் மித்ரா என அமைப்புகள் தோன்றின. 2017 ஏப்ரலில் பத்தாண்டுக் காலத்திற்கான மலேசிய இந்தியர் பெருந்திட்டம் வெளியிடப்பெற்றது. இவை பற்றி நம் நாளேடுகளிலும் மேடைகளிலும் எழும் வினா பெரும்பாலும் ஒன்றே: பணம் யாருக்குப் போயிற்று? 2021இல் மித்ரா நிதி குறித்து ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை மேற்கொண்டபோது அவ்வினா மேலும் வலுப்பெற்றது. அது தேவையான வினாவே. ஆயினும் தணிக்கையாளரின் வினா. ஒரு காசும் களவு போகாமல் செலவிடப்பட்ட திட்டம் எவர் வாழ்விலும் எம்மாற்றத்தையும் ஏற்படுத்தாமல் போகலாம். மாற்றம் நிகழ்ந்ததா என்பதை எவ்வாறு அறிகிறோம் என்னும் ஆய்வாளரின் வினாவை, பேரா மாநிலத்தில் இரப்பர்த் தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழரை முன்வைத்து இக்கட்டுரை எழுப்புகிறது.

திட்ட அறிக்கைகள் வழக்கமாகத் தருவன பயிற்சி பெற்றோர் தொகை, நடத்தப்பெற்ற பட்டறைகளின் தொகை, வழங்கப்பெற்ற கருவிகளின் தொகை ஆகியன. இவை திட்டம் செய்தவற்றைக் கூறுகின்றனவேயன்றித் திட்டத்தால் விளைந்தவற்றைக் கூறுவதில்லை. சற்று மேம்பட்ட அறிக்கைகள் 'முன்', 'பின்' என இரு நிலைகளை ஒப்பிடுகின்றன. இதிலும் இடருண்டு. ஈப்போவில் 2011இல் தொழிற்பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவரின் ஊதியத்தை 2014இல் மீண்டும் கேட்டால் அது உயர்ந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. ஆனால் 2012இல் பிரிம் உதவித்தொகை வந்தது. 2013 சனவரியில் தீபகற்பத்தில் 900 ரிங்கிட் குறைந்தபட்ச ஊதியம் நடப்புக்கு வந்தது. ஊதியமும் குடும்ப வருமானமும் உயர்ந்தமைக்குப் பயிற்சி காரணமா, சட்டமும் உதவித்தொகையும் காரணமா என்பதைப் பயிற்சி பெறாத அதே நிலையினரோடு ஒப்பிட்டாலன்றிப் பிரித்தறிய இயலாது.

ஒப்பீட்டுக் குழு அமைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதும் இல்லை. தமிழகத்தில் உலக வங்கிக் கடனுதவியோடு 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இதற்குத் தக்க சான்று. மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் நடைமுறைப்படுத்தப்பெற்றுப் படிப்படியாக விரிந்த அத்திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபார்த்து, எடை குன்றியோர்க்கு மட்டும் துணையுணவு அளித்தது. திட்டம் எட்டாத ஒன்றியங்களோடு ஒப்பிட வாய்ப்பளித்த நல்ல வடிவமைப்பு அது. ஆனால் 1982 சூலையில் எம்.ஜி.ஆர் அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிற்று. இரண்டு வயது முதலான குழந்தைகட்கு ஊர்தோறும் உணவு கிடைத்தது. ஒப்பீட்டு ஒன்றியங்களும் விலக்கல்ல. மக்களுக்கு நன்மை, மதிப்பீட்டாளர்க்குத் தலைவலி. இந்தப் பட்டறிவிலிருந்து நாம் கொள்ளத்தக்கது, ஒப்பீட்டுப் பகுதியில் அக்காலத்தில் வேறு என்ன நிகழ்ந்தது என்பதையும் தரவாகப் பதிய வேண்டும் என்பதே.

பேராவின் இடர் இதனினும் அடிப்படையானது. யாரை ஒப்பிடுவது என்பதற்கு முன், யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பதே இங்குத் தெளிவில்லை.

தோட்டம் இருந்த காலத்தில் மக்கள்தொகையை அறிவது எளிதாயிருந்தது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடப்பட்டது. கிராணியின் செக்ரோலில் ஒவ்வொருவரின் வேலைநாளும் எழுதப்பட்டது. லயத்தின் ஒவ்வொரு கதவுக்கும் எண் இருந்தது. அடக்குமுறைக்கான ஏடுகள்தாம் அவை. எனினும் ஆய்வியல் நோக்கில் முழுமையான மாதிரிச் சட்டகமாக விளங்கின. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்பு நிலங்களாகியும் போனபின் அம்மக்கள் சுங்கை சிப்புட், ஈப்போ, தெலுக் இந்தான் எனச் சிதறினர். இன்று 'முன்னாள் தோட்டத் தொழிலாளர்' என்றொரு பிரிவு எந்தப் புள்ளிவிவர ஏட்டிலும் இல்லை. புள்ளிவிவரத் துறையின் குடும்ப வருமான ஆய்வு பூமிபுத்ரா, சீனர், இந்தியர் என்றே பகுக்கிறது. அதுவும் குடியுரிமை பெற்றோரின் குடும்பங்களையே அடிப்படையாகக் கொள்கிறது. பெருந்திட்டமும் அரசுப் பணியிலும் உயர்கல்வியிலும் இந்தியர்க்கு 7 விழுக்காடு என்று இலக்கு வகுத்தது. ஈப்போ வழக்கறிஞரின் மகனும் சுங்கை சிப்புட் பால்மரத் தொழிலாளியின் மகளும் அந்த ஏழுக்குள் ஒரே எண்ணிக்கையாகவே விழுகின்றனர். இலக்கு எட்டப்பட்டதாக நாளை அறிவிக்கப்பட்டாலும், தோட்டத்திலிருந்து வந்தவர் நிலை என்ன என்பதை அந்த எண் கூறாது.

பட்டியல் இல்லாமையின் விளைவு குடியுரிமைச் சிக்கலில் மிகக் கூர்மையாகத் தெரிகிறது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்க் குடியுரிமையற்றோர்க்கு வேலை உரிமம் கட்டாயமாக்கப்பட்டபின் ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர் இந்தியா திரும்பினர் என்பர். தங்கியோருள் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்தினர். சிலர் பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளைகளைப் பெற்றனர். 2011இல் மைடாஃப்தார், 2017இல் மெகா மைடாஃப்தார் ஆகிய பதிவு இயக்கங்கள் நடைபெற்றன. வந்து மனுச் செய்தோர் எத்தனை பேர், ஏற்கப்பட்டோர் எத்தனை பேர் என்பதே இவ்வியக்கங்களுக்கு அளவுகோலாயிற்று. வராதவர் எத்தனை பேர்? ஆவணமற்றோருள் முகாமின் வாயிலுக்கு வரத் துணிந்தவர், வழி தெரிந்தவர், அழைத்து வர ஆள் உள்ளவர் மட்டுமே கணக்கில் சேர்ந்தனர். 2018 பொதுத்தேர்தலை ஒட்டி மேடைகளில் மூன்று இலட்சம் என்னும் எண் ஒலித்தது. தேர்தலுக்குப் பின் அரசு குடியுரிமை வழங்கவிருப்பதாக அறிவித்த 60 வயதைக் கடந்த இந்தியரோ 3,407 பேர். இவ்விரு எண்களையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தி வாதிட்டோர் உளர். முதலாவது ஆவணமற்றோர் அனைவரையும் குறித்த ஊகம். இரண்டாவது சிவப்பு அட்டை ஏந்திய முதியோர் கணக்கு. அளக்கப்படும் பொருளே வேறு. நிரந்தரவாசிகட்கு இந்நாட்டில் பிறக்கும் குழந்தைகள் தாமாகவே குடியுரிமை பெறும் நிலையை நீக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை 2024இல் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட பின்னர், இவ்வேறுபாட்டை ஆய்வாளர் குழப்பிக்கொள்வது பொறுக்கத்தக்கதன்று.

நம் மாணவரின் ஆய்வேடுகளும் இக்குறைக்கு விலக்கல்ல. பேராவில் இந்தியரைத் தேடுவோர் முதலில் புந்தோங்குக்கே செல்கின்றனர். இந்தியர் செறிந்து வாழும் பகுதி, ஈப்போ நகரையொட்டியது, ஒரு வார இறுதியில் நூறு வினாநிரல்களை நிரப்பிவிடலாம். ஆனால் கச்சாங் பூத்தே வணிகத்தால் பெயர்பெற்ற புந்தோங், தனக்கென வரலாறுடைய பழைய நகர்ப்புறக் குடியிருப்பு. அங்குக் கிடைக்கும் விடைகளைத் தோட்டத்திலிருந்து பெயர்ந்தோரின் விடைகளாக ஏற்பது எங்ஙனம்? கோயில் தலைவரும் பள்ளித் தலைமையாசிரியரும் காட்டும் குடும்பங்களையே காண்பதும் இவ்வகையினதே. அவர்களோடு மனவேறுபாடு கொண்ட வீடு ஆய்விலும் விடுபடுகிறது.

வினாநிரலும் தன் பங்குக்குத் தரவைக் கெடுக்கிறது. மலாயில் அச்சிடப்பெற்ற வினாவைக் களப்பணியாளர் வாசலில் நின்று தாமே தமிழாக்கிக் கேட்கும்போது, பத்துப் பேர் பத்து வினாக்களைக் கேட்கின்றனர். 'மாத வருமானம் எவ்வளவு?' என்பது எளிய வினாவாகத் தோன்றும். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. மரம் இலையுதிர்க்கும் மாதங்களில் பால் குறையும். ஒப்பந்த வேலையில் இந்த மாதக் கூலி அடுத்த மாதத்திற்கு ஒத்திருப்பதில்லை. எந்த மாதத்தில் கேட்டோம் என்பதைப் பதியாத வருமானத் தரவு பாதிப் பயனே தரும். சேமிப்பு பற்றிய வினா இன்னும் சுவையானது. 'சேமிப்பு இல்லை' என்னும் விடை நிரம்பிவழிய, அதைக்கொண்டு சிக்கனப் பண்பு இல்லாத சமூகம் என்று முடிவுரை எழுதுவோர் உளர். நம் பெண்களோ காலங்காலமாகக் கூட்டுக் கட்டி வருகின்றனர். 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்க, அரசு முத்திரை பதித்த தாளோடு வந்து நிற்பவரிடம் யார் அதைக் கூறுவார்?

இனி, மாற்று வழி. இன்றுள்ள பயனாளர் பட்டியலிலிருந்து தொடங்குவதை விடுத்து, திட்டங்கள் தோன்றுமுன் எழுதப்பட்ட ஒரு பட்டியலிலிருந்து தொடங்கலாம். தோட்டத் தமிழ்ப்பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பதிவேடு அத்தகையது. பேராவில் இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல தோட்டத்தில் பிறந்தவை, சில இடம் பெயர்ந்தவை. 1978இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த ஏழு வயதுக் குழந்தைகளின் பெயர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் இன்று எங்குள்ளனர் எனத் தேடிச் செல்வது ஒரு வடிவமைப்பு. உதவி பெற்றவர், பெறாதவர், அப்படியொரு திட்டம் இருந்ததையே அறியாதவர், இறந்தவர் எனப் பலரும் அதில் இருப்பர். ஒப்பீட்டுக் குழுவைச் செயற்கையாகப் படைக்க வேண்டியதில்லை. ஒரே வகுப்பறையிலிருந்து புறப்பட்டோரே ஒருவர்க்கொருவர் ஒப்பாவர். ஆயினும் உதவி கேட்டுச் சென்றவர் இயல்பிலேயே முனைப்புடையவராயிருக்கலாம் என்னும் ஐயத்தை இம்முறையும் முற்றாகப் போக்காது. பெற்றோர் தொழில், பள்ளியில் பயின்ற ஆண்டுகள் ஆகியவற்றைக் கொண்டு அதைக் குறைக்கலாம்.

பதிவேட்டிலும் ஓட்டையுண்டு. பிறப்புப் பத்திரம் இல்லாமையால் பள்ளியே சேராத பிள்ளையை அது அறியாது. எனவே காணும் ஒவ்வொருவரிடமும் உடன்பிறந்தோர் அனைவரையும் வயது வரிசையில் கேட்டுப் பதிதல் வேண்டும். ஏட்டில் இல்லாத தம்பியோ தங்கையோ அவ்வழியே வெளிப்படுவர். அவ்வாறு வெளிப்படுவோரின் பெயரையும் முகவரியையும் வினாநிரலில் எழுதாது குறியீட்டெண் மட்டும் இடுதலும், அடையாள அட்டை வாங்கித் தருவதாக வாய்ச்சொல்லும் தராமையும் களப்பணியாளர்க்கு முதல் விதிகளாதல் வேண்டும். ஆவணமற்ற ஒருவரின் இருப்பிடம் தவறான கைக்குச் சேர்ந்தால் அதன் விளைவை அனுபவிப்பவர் ஆய்வாளர் அல்லர்.

1978இன் அக்குழந்தைகள் இன்று ஐம்பது வயதைக் கடந்துள்ளனர். அவர்களை ஈன்ற தாய்மாரோ எழுபதுகளிலும் எண்பதுகளிலும் உள்ளனர். எந்தப் பிள்ளை எந்த லயத்தில், யார் கையால் பிறந்தது, எதற்காகப் பதியாமற் போயிற்று என்பதைச் சொல்லக்கூடியவர் அவர்களே. பதிவேடுகள் பள்ளி அலமாரிகளில் இன்னும் சில காலம் இருக்கக்கூடும். முதலில் செல்ல வேண்டியது அத்தாய்மாரிடம்.