பொய்ப் பெயரும் நிஜக் குரலும்

நாளையைக் கற்பனை செய்யும் உரிமை யாருக்கு? அமெரிக்க விஞ்ஞானப் புனைகதையில் ரொம்ப காலம் அது வெள்ளைக்காரன் சொத்து. 1950களில் கார்ல் பிராண்டன் என்ற கறுப்பு ரசிகர் அங்கே எழுதிக்கொண்டிருந்தார். பிறகுதான் தெரிந்தது, அப்படி ஒரு ஆளே கிடையாது. வெள்ளை ரசிகர்கள் சிலர் கட்டிவிட்ட பெயர். நிஜக் கறுப்பரான சாமுவேல் டிலேனி ‘நோவா’வை 1967இல் அனுப்பியபோது, கறுப்பு நாயகனை வாசகர் ஏற்கமாட்டார் என்று ஆசிரியர் கேம்ப்பெல் தொடராகப் போட மறுத்தார். டிலேனியே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

1999இல் மேடிசன் நகரின் விஸ்கான் விழாவில் நடந்த பேச்சிலிருந்து வெள்ளையரல்லாத எழுத்தாளர்களுக்கான அமைப்பு பிறந்தது. அந்தப் பொய்ப் பெயரையே பறித்துத் தன் பெயராக்கிக்கொண்டது. வீட்டு வேலை செய்த தாயின் மகள் ஆக்டேவியா பட்லர். அவர் பெயரில் 2007 முதல் புதியவர்களைப் பட்டறைக்கு அனுப்பியது.

விழாக்களில் புதியவர்கள் வாசிக்கும் அரங்கு ஏன் முக்கியம்? காகிதத்தில் கறுப்புக் குரலைக் கட்டிவிடலாம், மேடையில் முடியாது. ஆளே வந்து நிற்கணும். ஆனால் கைதட்டலோடு முடிந்தால் அது வெறும் காட்சி. பட்டறையும் அச்சும் பின்னால் வரணும்.

நமக்கும் மேடை தருகிறார்கள், “வலியைச் சொல்” என்று. சேரியே இல்லாத ஊரை நாம் கற்பனை செய்து வாசித்தால் கேட்பார்களா?